தாத்தாவின் தராசு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மருமகள் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு போனில் நீ ஒன்று கேட்டாய். "ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன், வீட்ல குடும்ப ஜெபம் நடக்கு, தசமபாகம் கொடுக்கேன். இதுக்கு மேல விசுவாசத்துல என்னம்மா மாறணும்?" என்றாய். உன் குரலில் களைப்பு தெரிந்தது. திருப்பூரில் பனியன் தொழில் தொடங்கியதிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று மருமகளும் சொன்னாள். போனில் எனக்கு பதில் கோர்வையாக வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படி.

உன் தாத்தாவை, அதாவது என் அப்பாவை, உனக்குக் கண் தெரியாத வயதான மனிதராகத்தான் தெரியும். மடியில் உட்காரவைத்து வேத வசனம் சொல்லிக்கொடுப்பார். எனக்குத் தெரிந்தவர் வேறு மாதிரி. உடன்குடிப் பக்கத்தில் கருப்பட்டி வியாபாரம் செய்தார். சாட்சி சொல்கிறவர்கள் "குடித்தேன், அடித்தேன், ஆண்டவர் தொட்டார்" என்று சொல்வார்களே, அந்த வகை ஆள் இல்லை அவர். ஒரு சொட்டு குடித்ததில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் மணி அடித்ததுமே கோயிலுக்குப் போவார். சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியில் இருந்தார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை யாரும் கேட்காத விலைக்குக் கேட்டு எடுப்பார். ஊரில் நல்ல கிறிஸ்தவன் யார் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. பதநீர் பங்குனியிலிருந்து ஆடி ஆவணி வரைதான். மீதி மாதங்களில் பனையேறி வீட்டில் உலை கொதிக்காது. அப்போது வியாபாரியிடம் வந்து முன்பணம் வாங்குவான். வாங்கியவன் அடுத்த பருவத்துக் கருப்பட்டி முழுவதையும் அதே வியாபாரியின் தராசில்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். விடியும் முன்னே அவன் மரம் ஏறுவான், சாயங்காலம் திரும்பவும் ஏறுவான். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவான். அவன் பெண்டாட்டி விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், புகைக்குள் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள். இத்தனை பாடும் தராசின் ஒரு தட்டில் வந்து உட்காரும். தாத்தா ஈரக் கழிவு என்று கொஞ்சம் கழிப்பார். முள் நிற்கும் முன்னே எடையைச் சொல்லிவிடுவார். கணக்கு நோட்டில் கடன் மட்டும் குறையவே குறையாது. எல்லா வியாபாரியும் அப்படித்தான் செய்தார்கள். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. கருப்பட்டி கொண்டுவந்தவன்கூடச் சொன்னதில்லை.

நான் அப்போது ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். ஒரு சாயங்காலம் உபதேசியார், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையை வேதத்திலிருந்து வாசித்தார். அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தான், மரத்தில் ஏறினதைச் சொல்லித்தானே ஓய்வுநாள் பள்ளியில் பாட்டுப் படிப்போம். ஆனால் அன்றைக்கு உபதேசியார் மரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இயேசு அவன் வீட்டில் தங்க வந்ததும் சகேயு முதலில் பேசினது பணத்தைப் பற்றித்தான் என்றார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை திரும்ப. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அதற்குப் பிறகுதான் என்றார். அவ்வளவுதான் பிரசங்கம். என் அப்பா அழவில்லை, கை உயர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்து விளக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆச்சி சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடுத்து கருப்பட்டி கொண்டுவந்தவனிடம் தராசை நீட்டி, "நீயே நிறு" என்றார். அந்த ஆள் பயந்து போய் "மொதலாளி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கழிவு எடுப்பதை அன்றோடு நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு கணக்காக எடுத்தார். வாங்கின முன்பணத்துக்கு மேலேயே சரக்குப் போட்டிருந்தவர்கள் பெயருக்கு நேராகக் கோடு இழுத்தார். பனையிலிருந்து விழுந்து செத்துப்போன ஒருவருடைய கடன் அவர் மகன் பெயரில் ஏறியிருந்தது. அந்தப் பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அந்தத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்குப் பிறகு வியாபாரம் செழித்தது என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். செழிக்கவில்லை. மற்ற வியாபாரிகள் பகைத்துக்கொண்டார்கள். பின்னால் சீனி கலந்து காய்ச்சும் வழக்கம் வந்தபோது, வெளியூர் மொத்தக் கடைக்காரர்கள் அந்த விலைக்குத்தான் கேட்டார்கள். இவர் கலக்க மாட்டேன் என்றதும் சரக்கு தேங்கியது. பெரிய சித்தி கல்யாணத்தைக் கடன் வாங்கித்தான் நடத்தினோம். ஆண்டவருக்குப் பிரியமாய் நடந்தால் பணம் பெருகும் என்று இப்போது பிரசங்கிக்கிறவர்களைக் கேட்டால் எனக்கு மனது வலிக்கிறது. எங்கள் வீட்டில் பெருகினது வேறு. ராத்திரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் அப்பா பயப்படுவதை விட்டார்.

அவருடைய கோபம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. விசுவாசம் வந்த மறுநாளே ஆள் மாறிவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்பா அதற்குப் பிறகும் கத்தினார். ஆனால் கத்தின பிறகு திரும்பி வருவார். அண்ணனிடம், என்னிடம், "தப்புதான் தாயி, மன்னிச்சிரு" என்பார். பெற்ற தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அவர் தம்பியோடு பனைவிளை எல்லைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. ஒரு நற்கருணை ஆராதனையில், அயலானோடு சமாதானமாயிருக்கிறவர்கள் சேருங்கள் என்று ஐயர், அதாவது எங்கள் போதகர், வாசித்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நேரே சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் கதவைத் திறக்கவில்லை. அந்தத் தகராறு தீரும்வரை அப்பா நற்கருணைப் பந்திக்குப் போகவில்லை. கமிட்டி உறுப்பினர் நற்கருணை எடுக்கவில்லை என்று ஊரே பேசியது. கடைசியில் சித்தப்பா தானாக வந்தார். எல்லைக்கல் அவர் சொன்ன இடத்திலேயே நடப்பட்டது. அந்த வரிசையில் இருந்த பனைகள் போனது போனதுதான்.

இதை நம் வீட்டுக் கதையாக மட்டும் நினைக்காதே. இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் சுவிசேஷம் வந்த நாளிலிருந்தே அது ஜனங்களின் அன்றாடப் பாட்டோடு கலந்துதான் வந்தது. துன்பப்பட்ட புது விசுவாசிகள் பயமில்லாமல் குடியிருக்க உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் 1799இல் நிலம் வாங்கி ஏற்படுத்திய ஊர்தான் முதலூர். ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830இல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாள் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார், லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். பனையோலைக் குடிசையில் இருந்த பெண்ணின் கையில் சொந்தக் காசு வந்தது.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர், 1903இல் இங்கே இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி தெலுங்கு தேசத்து தோர்ணக்கல்லுக்குப் போனார். அங்கே சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா ஜனங்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்கள் குடியை விட்டதையும், சண்டையை விட்டதையும், பிள்ளைகளைப் படிக்க அனுப்பினதையும் அவர்களை வேலைக்கு வைத்திருந்த விவசாயிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1930களில் அந்த விவசாயச் சாதிகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானத்துக்கு வந்தார்கள். கூலியாளின் வீட்டில் நடந்த மாற்றத்தைக் கண்டு நிலக்காரன் வந்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும்.

அப்படி வந்த நாம் சாதியை மட்டும் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். கோயில் விருந்தான அசனப் பந்தியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது என்ன கேட்கிறோம் என்று உனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில்கூடப் பிரிவினை இருக்கிறது. உன் பிள்ளைகள் வளர்ந்து வரும்போது நீயும் மருமகளும் இதில் உறுதியாக நிற்க வேண்டும். இதைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். பனியன் தொழில் எனக்குத் தெரியாது. ஏற்றுமதிக்காரருக்குப் பில் போட்டும் பணம் வரவில்லை என்றால் உன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதும் எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் போன மாதம் நீ சொன்ன ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. பணம் கைக்கு வராத வாரத்தில் நம்ம ஊர் டெய்லர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, ஒடிசாப் பையன்களை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன் என்றாய். "அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்கம்மா" என்றாய். தம்பி, கேட்க மாட்டார்கள் என்பதற்காக ஒருவன் கூலி பின்னால் போகலாமா? அறுத்தவர்களுடைய பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிகளில் விழுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் கூலி எந்த பாஷையில் கூப்பிட்டாலும் ஆண்டவருக்கு விளங்கும். கொஞ்சம்தான் பணம் வந்தது என்றால், கேட்க நாதியில்லாதவனுக்கு முதலில் கொடு. தைத்த பீஸ் கணக்கை அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதவிடு. அட்வான்ஸ் கொடுத்திருந்தால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று ஒவ்வொரு வாரமும் அவர்களுக்குத் தெரியவேண்டும். தாத்தா "நீயே நிறு" என்றதுதான் இதுவும்.

இன்னொன்று. கப்பல் தேதி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடும் என்று மருமகள் சொன்னாள். நீ கோயிலில் இருக்கும் அந்த நேரத்தில் அவர்கள் ஒன்றரை ஷிப்ட் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுநாள் கட்டளையைச் சின்ன வயதில் ஒப்பிப்பாயே, அதில் உன்னோடு சேர்த்து உன் வேலைக்காரனும், வேலைக்காரியும், உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் என்று இருக்கிறது. திருப்பூரில் உன் வாசலில் இருக்கிற அந்நியன் அந்த ஒடிசாப் பையன்தான். அவனுக்கு வேறு நாள் ஓய்வு கொடுத்தாலும் சரி. ஆனால் கொடு. அவன் தாய்க்குப் போன் பேசவும் துணி துவைக்கவும் ஒரு நாள் வேண்டாமா?

இதெல்லாம் செய்ய பலம் எங்கிருந்து வரும் என்று நீ கேட்பாய். நமக்கு இல்லைதான். தாத்தாவுக்கும் இருந்ததில்லை. கருப்பட்டி போடுகிறவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவர் விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபிப்பார். பெயர் சொல்லி ஜெபித்த ஆளை அன்றைக்கு ஏமாற்ற மனது வராது என்பார். உன் டேபிள்களில் உட்காருகிறவர்கள் பெயரெல்லாம் உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் எழுதி எனக்கும் அனுப்பு. இங்கே காலை ஜெபத்தில் நானும் அப்பாவும் சொல்கிறோம்.

அடுத்த மாதம் நம் கோயில் அசன விழா. முடிந்தால் பிள்ளைகளோடு வா, முடியாவிட்டாலும் வருத்தமில்லை. பஸ்ஸில் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். சீனி கலக்காதது, நானே விடிலிக்குப் போய் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியாத பையன்கள் இருந்தால் அன்றைக்கு உங்கள் வீட்டில் சாப்பாடு போடுங்கள். மருமகளிடம் நானே பேசுகிறேன், சமையலுக்கு நானும் வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை எல்லோருக்கும் சம்பளம் போட்ட பிறகு எனக்கு ஒரு போன் பண்ணு. எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

கர்த்தர் உன்னையும் உன் கையின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள,
அம்மா