கடைசி நேர கேபினுக்காக காத்திருக்கலாமா? செல்விக்கு எழுதினது

அன்புள்ள செல்விக்கு,

உன் மெசேஜ் பாத்தேன். போன்ல பேசினா பாதியிலயே பேரன் அழறான்னு ஓடிடுவ, அதான் உக்காந்து எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். இவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து காலைல எழுந்ததும் பேப்பர் பாக்கறாரோ இல்லையோ உல்லாசக் கப்பல் டிக்கெட் விலை பாத்துடறார், வாங்கறாரான்னா அதுவும் இல்ல, சும்மா பாப்பார், "இன்னிக்கு இறங்கிடுச்சுடி"ன்னு சத்தம் போடுவார், பக்கத்துல உக்காந்து கேட்டு கேட்டே எனக்கும் இது பாதி அத்துப்படி ஆயிடுச்சு. முழங்கால் அப்படியேதான் இருக்கு, அத விடு.

மருமக ஆபீஸ்ல யாரோ கப்பல் கிளம்பறதுக்கு முந்தின கடைசி மாசத்துல பாதி விலைக்கு கேபின், அதான் கப்பல்ல தங்கற ரூம், பிடிச்சாங்களாம், நாங்களும் காத்திருக்கட்டுமான்னு கேட்டிருக்க. வேணாம்டி. நீங்க காத்திருக்காதீங்க.

அவங்க பொய் சொல்லல. எப்ப போனாங்கன்னு கேட்டுப்பாரு, 2022ஆ இருக்கும்னு நினைக்கறேன். 2020 மார்ச்ல கொரோனாவுக்காக கப்பலெல்லாம் நின்னு, திரும்ப ஓட ஆரம்பிச்ச காலத்துல ஜனம் ஏற பயந்துச்சு, நெறைய கப்பல் காலி கேபினோட போச்சு, அப்ப கடைசில வாங்கினவங்களுக்கெல்லாம் யோகம்தான். 2023லேர்ந்து கதையே வேற, பெரிய கம்பெனிங்க கப்பல் 100 சதவீதத்துக்கு மேல நிரம்பி போகுது. அதென்ன 100க்கு மேலன்னு நானும் கேட்டேன். ஒரு கேபினுக்கு ரெண்டு பேர்னுதான் கணக்காம், அதே கேபின்ல மூணாவது நாலாவது ஆள் படுத்தா அது கணக்குக்கு மேல. 2024ல வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் இருக்கே, அதுல 2,805 கேபின், ரெண்டு ரெண்டு பேரா போட்டா 5,610, ஆனா 7,600 பேர் வரைக்கும் ஏறலாம்.

விலை இறங்கறதும் நடக்கத்தான் செய்யுது, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃப்ளைட் டிக்கெட் கடைசி நேரத்துல ஏறுதுல்ல, ஏன்னா சாவுக்கோ மீட்டிங்குக்கோ நாளைக்கே போயாகணும்னு ஓடறவங்க எவ்ளோ கேட்டாலும் குடுத்துடுவாங்க. கப்பலுக்கு அப்படி யாரு இருக்கா சொல்லு, நாளைக்கு காலைல நான் நடுக்கடல்ல இருந்தே ஆகணும்னு எவனும் அழப்போறதில்ல. கேபின் காலியா இருந்தாலும் கப்பல் கிளம்பத்தான் போகுது, எண்ணெய் செலவும் ஆள் சம்பளமும் ஏறக்குறைய அதேதான். அதோட இது சினிமா தியேட்டர் பாப்கார்ன் கதைதான், ஆள் உள்ள வந்துட்டா குடி, கேசினோ, ஸ்பா, கரைல இறங்கி சுத்திப்பாக்கற டூர்னு காசு எடுத்துக்கிட்டே இருப்பான், பெரிய கம்பெனிங்களுக்கு வருமானத்துல சுமார் மூணுல ஒரு பங்கு இப்படி கப்பலுக்குள்ள வர்றதுதான். அதனால காலி கேபின விட சல்லிசா குடுத்த கேபினே அவங்களுக்கு லாபம்.

ஆனா நீ பாக்க வேண்டிய தேதி கிளம்பற தேதி இல்ல, ஃபைனல் பேமென்ட் தேதி, அதாவது மிச்ச காசு முழுசும் கட்டி முடிக்க வேண்டிய நாள். கம்பெனிக்கு கம்பெனி, பயண நீளத்துக்கு ஏத்த மாதிரி மாறும், பெரும்பாலும் 75லேர்ந்து 90 நாள் முன்னாடி, ரொம்ப நீளமான பயணம்னா 120 நாள் கூட. அதுவரைக்கும் டெபாசிட் மட்டும் கட்டி வச்சிருப்பாங்க, அந்த தேதி வந்ததும்தான் நெறைய பேருக்கு "நிஜமாவே போறோமா"ன்னு யோசனை வரும், லீவு கிடைக்காதவன் கேன்சல் பண்ணுவான், ரெண்டு மூணு கப்பல்ல இடம் பிடிச்சு வச்சவன் ஒண்ண வச்சுக்கிட்டு மத்தத விடுவான், ஏஜென்ட்ங்க குரூப்புக்குன்னு பிடிச்சு வச்ச கேபின்ல விக்காததையும் அந்த தேதிக்கு முன்னாடியே திருப்பி குடுத்துடணும். அப்பதான் மொத்தம் எவ்ளோ மிச்சம்னு கம்பெனிக்கே தெரியும். மிச்சம் நெறைய இருந்தா இறக்குவாங்க, கம்மியா இருந்தா ஏத்துவாங்க, ஏத்தறதும் சாதாரணமா நடக்குது, அத யாரும் ஆபீஸ்ல வந்து பெருமையா சொல்றதில்ல பாரு. அந்த தேதிக்கு அப்புறம் கேன்சல் பண்ணா பிடித்தம் படிப்படியா ஏறும், கடைசி சில வாரத்துல மொத்த டிக்கெட் காசும் போச்சு.

மிச்சம் இருக்கறது எதுங்கறதுலதான் உங்களுக்கு சிக்கல். நாலு பேர் படுக்கற கேபின் எந்த கப்பல்லயும் கம்மிதான், ஸ்கூல் லீவு சமயத்துல அதுதான் முதல்ல காலியாகும். ஜன்னலே இல்லாத இன்சைடு கேபினும், சூட்னு சொல்ற பெரிய சொகுசு ரூமும் சீக்கிரம் போகும், நடுவுல ரெண்டு பேருக்கான பால்கனி கேபின்தான் அதிகமா தேங்கும். உங்களுக்கு வேண்டியது ரெண்டு கேபின், அதுவும் பக்கத்து பக்கத்துல, நடுவுல கதவு இருந்தா நல்லது, ஒண்ணுல நீயும் அண்ணனும், இன்னொண்ணுல பையன் குடும்பம். கடைசி நேரத்துல கிடைக்கறது பெரும்பாலும் கேரண்டி கேபின், அதாவது வகைய மட்டும் நீ சொல்வ, எந்த மாடி எந்த மூலைங்கறத அவங்க முடிவு பண்ணுவாங்க, ஒண்ணு முன்னால ஒண்ணு கடைசில போட்டாலும் கேக்க முடியாது. மேல நீச்சல் குளம் இருக்கற மாடின்னா விடிய முன்னாடியே நாற்காலி இழுக்கற சத்தம். இன்னொண்ணு, நம்ம யாருக்கும் தோணாதது, ஆபத்து வந்தா கூடற ஒவ்வொரு இடத்துக்கும் உயிர்காக்கும் படகுல இத்தனை பேர்தான்னு கணக்கு உண்டு, அந்தப் பக்கம் கணக்கு நிரம்பிடுச்சுன்னா கேபின் காலியா இருந்தாலும் மூணாவது நாலாவது ஆள ஏத்த மாட்டாங்க.

உன் தங்கச்சி தனி கேபின் கேட்டாளே, அவளுக்கு தனியா ஒரு வார்த்தை. ஒருத்தரே போனாலும் பல கம்பெனில கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசு கட்டணும். நார்வேஜியன் எபிக்ங்கற கப்பல்ல 2010ல ஒருத்தருக்குன்னே 128 சின்ன கேபின் கட்டினாங்க, அப்புறம் மத்தவங்களும் கொஞ்சம் கொஞ்சம் கட்டறாங்க, ஆனா அது எண்ணிக்கை கம்மி, சீக்கிரம் போயிடும். சாதா கேபின் தேங்கினா கடைசில அந்த கூடுதல் காசை குறைக்கறதும் உண்டு. எந்த தேதின்னாலும் வருவேன்னு இருந்தா அவ காத்திருக்கலாம், உங்களோடதான் வரணும்னா சேத்து போட்டுடுங்க.

தள்ளுபடி எப்பவும் வெளில தெரியற மாதிரி வராது. ராயல் கரீபியன்ங்கற பெரிய கப்பல் கம்பெனி 2015லயே கடைசி நேர தள்ளுபடி இனி கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ஆறு மாசம் முன்னாடி முழு காசு கட்டினவனும் போன வாரம் பாதி விலைக்கு வாங்கினவனும் ஒரே டேபிள்ல சாப்பிட உக்காந்தா என்ன ஆகும், அடுத்த வருஷம் அவனும் காத்திருப்பான்ல. அதனால போட்ட விலைய அப்படியே வச்சுக்கிட்டு வைஃபை இலவசம், கப்பல்ல செலவு பண்ண க்ரெடிட்னு சேத்து குடுக்கறதும் நடக்கும், இல்லன்னா பழைய பயணிங்களுக்கும் கேசினோல நல்லா விளையாடறவங்களுக்கும் மெயில்ல மட்டும் சத்தமில்லாம அனுப்புவாங்க. ஏற்கனவே புக் பண்ணவங்கள, இவ்ளோ கூட தரேன் பெரிய கேபின் குடுன்னு ஏலம் கேக்க விடறதும் ஒண்ணு, அதுல போடற தொகை ஒரு ஆளுக்குன்னு இருக்கும், ரெண்டு பேருக்கு ரெண்டு மடங்கு, ஏத்துக்கிட்டா திரும்ப வராது. இவர் அத பாத்தாலே கை துறுதுறுங்கும், நான் விடறதில்ல.

துறைமுகத்துக்கு ஃப்ளைட் பிடிச்சு போற ஆளுங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, இவர் காலைல கத்தும்போது நான் கேக்கறதும் இதத்தான். கேபின் இறங்கற அதே வாரத்துல ஃப்ளைட் ஏறும், அஞ்சு ஆறு டிக்கெட் போட்டா மிச்சம் பிடிச்சது அங்கயே கரைஞ்சிடும். விசா ஒரு மாசத்துல வரும்னு எவன் உறுதி குடுக்கறான். துறைமுக வரியும் டிப்ஸும் கேபின் சல்லிசா கிடைச்சதால குறையப்போறதில்ல, ஆளுக்கு இவ்ளோன்னு அது தனியா வரும்.

அதனால இப்பவே, டெபாசிட் திருப்பி தர்ற டிக்கெட்டா பாத்து போடுங்க, டெபாசிட் திரும்பாதுன்னு சொல்லி கொஞ்சம் கம்மியா ஒரு விலை காட்டுவாங்க, அதுல விழாதீங்க. போட்டுட்டு ஃபைனல் பேமென்ட் தேதி வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை அதே வகை கேபின் விலைய பாருங்க, இறங்கியிருந்தா ஏஜென்டுக்கு போன் பண்ணி புது விலைக்கு மாத்தச் சொல்லுங்க, நெறைய கம்பெனி மாத்தி குடுக்கும், ஆனா நீங்க கேட்டாத்தான், அவங்களா வந்து சொல்ல மாட்டாங்க. மாத்தறதுக்கு முன்னாடி பழைய டிக்கெட்ல என்னென்ன இலவசம் இருந்துச்சு, புதுசுல அது இருக்கான்னு பாத்துக்கோ, விலை இறங்கி வைஃபை போயிருக்கும். காசு முழுசா கட்டினப்புறம் இறங்கினா திருப்பி கேக்க வழி ரொம்ப கம்மி, கெஞ்சினா கொஞ்சம் க்ரெடிட் தருவாங்க, சில பேர் அதுவும் தர மாட்டாங்க.

காத்திருக்கறதுன்னா அது எங்கள மாதிரி ஆளுங்களுக்கு. ரெண்டே பேர், பரீட்சை லீவு எதுவும் கிடையாது, எந்த மூலைல கேபின் குடுத்தாலும் இவர் குறட்டை விட்டு தூங்குவார். கரீபியன் கடல்ல குளிர்காலம் ஓடின கப்பல் ஏப்ரல் மே வாக்குல ஐரோப்பாவுக்கு கடல் தாண்டி போகும்ல, அதுல நாள் கணக்குல கரையே வராது, குழந்தைங்க இருக்கறவங்க ஏற மாட்டாங்க, ஒரு நாளைக்கு இவ்ளோன்னு பாத்தா ரொம்ப மலிவு, இவர் கண்ணு அதுலதான். எனக்கு அத்தன நாள் வெறும் தண்ணிய பாத்துக்கிட்டு இருக்கணுமேன்னு இருக்கு. நீ வந்தா பேசிக்கிட்டு இருக்கலாம்.

எந்த கப்பல், என்ன தேதி, பேரனுக்கு அப்ப எத்தன வயசு ஆகுதுன்னு எழுது, ஆறு மாசம் முடியாத குழந்தைய நெறைய கப்பல்ல ஏத்த மாட்டாங்க, நீளமான பயணத்துக்கு 12 மாசம் கேப்பாங்க, மருமகள அத முதல்ல பாக்கச் சொல்லு. அண்ணனுக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு, அதையும் எழுது.

அன்புடன்,
மாலா