ஸ்கேன் கருவிக்கு முன் ஒரு கைப்பட்டை

பினாங்குத் தமிழ் நற்பணி மன்றங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மிஞ்சிய பணத்தில், சரவாக் உட்புறக் கிராமத்துக் கர்ப்பிணிகளுக்குக் கையடக்க ஸ்கேன் கருவி அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல மனம். ஆனாலும் முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்த உரிமையில் குறுக்கே பேசுகிறேன்: முதலில் இரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள்.

ஸ்கேன் படத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். இரத்த அழுத்தம் அப்படியல்ல. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு அது 140/90-ஐத் தொட்டால் பிரீஎக்லாம்ப்சியாவாக, அதாவது கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ஆபத்தான நோயாக, இருக்கலாம். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். பல பெண்களுக்குத் தொடக்கத்தில் ஒரு தொந்தரவும் தெரியாது.

அதற்காகக் கண்ணில் பட்டதை வாங்கிவிடாதீர்கள். இந்த நோயில் பல தானியங்கிக் கருவிகள் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். கர்ப்பிணிகளிடம் சோதித்துத் தேறியதா என்று கேளுங்கள். கடைக்காரர் உத்தரவாத அட்டையை நீட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கையில் சுற்றிக் காற்றேற்றும் கைப்பட்டையையும் பாருங்கள். நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் சாதாரண அளவுப் பட்டை மட்டுமே இருந்தது. பருத்த கையுடைய ஒரு தோட்டத்துப் பெண்ணுக்குக் கட்டினேன். காற்று ஏற ஏற ஒட்டு 'டர்ர்' என்று பிரிந்தது. விரலால் அழுத்திப் பிடித்து எடுத்ததில் மேல் எண் 150 வந்தது. அவள் அழுதுகொண்டே பெரிய மருத்துவமனைக்குப் போனாள். அங்கே பெரிய பட்டையில் 126. மேல்கையின் சுற்றளவு 33 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய பட்டைதான் கட்ட வேண்டும். அன்று என்னிடம் அது இல்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கிய 'கிரேடில்' இரத்த அழுத்தக் கருவியை விசாரித்துப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கென்றே சோதிக்கப்பட்டது, கைப்பேசி சார்ஜரிலேயே மின்னேற்றலாம். நாடித்துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவதால் பிரசவ இரத்தப்போக்கின் ஆபத்தையும் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு என விளக்கு எரியும். நம் கிளினிக்குகளின் இளஞ்சிவப்புக் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்தில் ஒட்டும் வண்ணக் குறிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைத் தனியாக விளக்கவே தேவையில்லை.

சிவப்பு எரிந்த பிறகு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் படகுக்கு எண்ணெய் யார் போடுவது? அதற்கும் கொஞ்சம் ரிங்கிட் ஒதுக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அளவு நாடாவோடு வருகிறேன். முதலில் செயலவையினரின் கைகளை அளப்போம். சாதாரணப் பட்டை எத்தனை பேருக்குப் போதுகிறது என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர், பட்டர்வொர்த்