எதுவும் ஏன் மிஞ்சியிருக்கிறது?

ஆசிரியருக்கு,

எல்லாம் குலைந்துபோவதே இயற்கை விதியென்றால் எதுவும் ஏன் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் இந்த விதியை விளக்கிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் சொன்னது, ஒழுங்கற்ற நிலைகள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஆகவே அவற்றுக்கே வாய்ப்புக் கூட என்பதைத்தான். எவ்வளவு கெதியில் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணற்றையே பாருங்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கலந்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் உப்புநீர் பாரம் கூடியது, கீழேயே கிடக்கிறது. கலப்பது மிக மெதுவாக. அதற்குள் அடுத்த மாரி வந்து நன்னீரை நிரப்பிவிடுகிறது. (எங்கள் பக்கத்தில் கண்டபடி மோட்டர் போட்டு இறைத்து அந்தக் கணக்கைக் குழப்புகிறோம், அது வேறு கதை.)

அணுவிலும் இதுதான். யுரேனியத்தின் ஒரு வகையான யுரேனியம் 238இன் அரைவாழ்வுக்காலம், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள், ஏறக்குறைய பூமியின் வயது. ஆகவே பூமி தோன்றியபோது இருந்ததில் ஏறக்குறைய பாதி இன்னும் இருக்கிறது. இன்னொரு வகையான யுரேனியம் 235க்கு அது 70 கோடி ஆண்டுகள்தான். இன்று இயற்கை யுரேனியத்தில் அதன் பங்கு வெறும் 0.7 வீதம். இதைவிட மிக வேகமாகச் சிதைந்து, புதிதாகவும் உருவாகாதவை எப்போதோ தீர்ந்துவிட்டதால், அவை ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோப்பாய்