பென்சில் குறிகளுக்கு ஒரு நன்றி மடல்

நம் சேர்ந்திசைக் குழுவினருக்கும், கச்சேரிக்கு வந்து நம்மைத் தாங்கிய அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. கடந்த சில வாரங்களில் நம் நடத்துநர் நோயுற்றதையும், நிகழ்ச்சியின் தேதி மாறியதையும், வேறொரு குழுவின் நடத்துநர் அவருக்குப் பதிலாக வந்ததையும் இதைப் படிக்கும் எல்லோரும் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப்போவதில்லை. நம் நடத்துநர் உடல் தேறி வருகிறார் என்பதையும், நேற்றைய ஒலிப்பதிவை இன்று காலை முழுவதுமாகக் கேட்டார் என்பதையும் மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் செய்தி வந்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்கு மனம் அமைந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தம்முடைய குழுவின் ஒத்திகைகளைத் தள்ளிவைத்துவிட்டு நம் முன்னால் வந்து நின்ற நடத்துநர், தேதி மாறியபோது முகம் சுளிக்காத பியானோ கலைஞர், அரங்கத்தை மறுபடி ஒதுக்கித் தந்தவர்கள், நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்தவர்கள், மேடைப் படிகளைத் தூக்கி வந்து அடுக்கிய இளைஞர்கள் ஆகிய எல்லோருக்கும் குழுவின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. இவர்களில் ஒருவர் இல்லையென்றாலும் நேற்று விளக்கு எரிந்திருக்காது.

ஆனால் இந்த மடலை நான் எழுத முக்கியக் காரணம், பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையான ஆல்ட்டோவின் ஓரத்தில் உட்காரும் நம் அக்கா. குரல்நாண்களுக்கு முழு ஓய்வு வேண்டும், பாடுவது மட்டுமின்றிப் பேசுவதும் கிசுகிசுப்பதும்கூடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், இந்த நிகழ்ச்சியில் அவர் பாடப்போவதில்லை என்பது முன்பே முடிவாகியிருந்தது. அப்படி இருந்தும் அவர் ஒவ்வோர் ஒத்திகைக்கும் வந்தார். வழக்கமான நாற்காலியில், இசைத்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் வருகிறார் என்று அப்போது எங்களில் யாரும் கேட்கவில்லை.

நம் நடத்துநர் எல்லாப் பாட்டுகளுக்கும் தம் குறிகளை எழுதி வைத்திருந்த இசைத்தாள்கள் அவருடைய வீட்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த அன்று, அக்கா அவற்றைத் தம் வீட்டுக்குக் கேட்டு வாங்கிச் சென்றார். அடுத்த ஒத்திகையில் நம் ஒவ்வொருவரின் தாளிலும், உயர்ந்த பெண்குரல் வரிசையான சோப்ரானோவுக்குச் சோப்ரானோவுக்குரியவை, தாழ்ந்த ஆண்குரல் வரிசையான பேஸுக்குப் பேஸுக்குரியவை என்று, அந்தக் குறிகள் அனைத்தும் பென்சிலால் ஏறியிருந்தன. சேர்ந்து பாடிப் பழகாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்பது எளிதில் புரியாது. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே எடுக்கவே கூடாது, சொல்லின் கடைசியில் வரும் ‘ம்’ எந்தத் தாள அடியில் மூட வேண்டும் என்பதெல்லாம் அச்சிட்ட தாளில் இருப்பதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் ‘ம்’ மூடினால் அந்த வரியே கலைந்து போகும். நீண்டு ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு நடுவில் அறுந்து போகும். அதனால் பக்கத்தில் நிற்பவர்கள் முறை மாற்றி மூச்சு எடுக்க வேண்டும். மூன்றாவது பாட்டில் அப்படி ஓர் இடம் உண்டு. அங்கே என் தாளில் ‘நீ இந்தச் சொல்லுக்கு முன்னால்’ என்றும், எனக்கு இடப்பக்கம் நிற்பவரின் தாளில் ‘நீங்கள் இதற்குப் பின்னால்’ என்றும் எழுதியிருந்தார். யார் எங்கே நிற்கிறோம் என்பதுவரை நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்.

நடத்துநரை நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டிய இடங்களில் ஒரு சிறிய மூக்குக்கண்ணாடிப் படம் இருந்தது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தது. பக்கவாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி மெல்ல இறங்குவது அங்கேதான். அவர் தாமாகச் சேர்த்த குறிகளும் சில உண்டு. அவற்றின் அருகே, நடத்துநருடையவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று ஒரு புள்ளி வைத்திருந்தார். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது, கையில் எப்போதும் வைத்திருக்கும் குறிப்பேட்டில், “பாடாமல் கேட்டதால் தெரிந்தது” என்று எழுதிக் காட்டினார்.

நம் முன்னால் நின்ற கைகள் நமக்குப் புதியவை. ஆனால் நாம் மூச்சு எடுத்த இடங்களும் சொற்களை மூடிய இடங்களும் நம் நடத்துநருடையவையாகவே இருந்தன. பியானோ இல்லாத அந்த ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டின் முதல் சுரத்தைப் பியானோ கலைஞர் தொட்டபோது, நாம் நின்ற சுருதியும் அவர் தொட்ட சுருதியும் ஒன்றாக இருந்ததைக் குழுவில் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். சுருதி சிறிதும் இறங்கவில்லை.

சுவீடனின் கோதென்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு ஒரே நேரத்தில் வேகம் கூடிக் குறைவதை அவர்கள் பதிவு செய்தார்கள். பாட்டின் வரி அமைப்பு மூச்சை ஒழுங்குபடுத்துவதும், மூச்சு இதயத்துடிப்பை ஒழுங்குபடுத்துவதும்தான் அதற்குக் காரணம் என்று விளக்கினார்கள். ஒரு மூச்சுக்குறி எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை நேற்று மேடையில் நான் உணர்ந்தேன். குரலே எழுப்பாத ஒருவர் எங்கள் எல்லோருடைய மூச்சையும் சேர்த்து வைத்திருந்தார்.

நல்ல குரல் இருப்பவர்கள் கூடினால் சேர்ந்திசை ஆகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பக்கத்துக் குரலைக் கேட்டு, அதற்கு இடம் விட்டு, அதனோடு கலந்துபோகத் தெரிந்தவர்கள்தான் குழுவைக் குழுவாக்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேட்டலில் அக்காவுக்கு நிகர் நம்மில் யாரும் இல்லை.

நேற்று இரவு குழுவாகச் சில முடிவுகளை எடுத்தோம். உடல்நிலையால் பாட முடியாதவர்களின் பெயர் இனி எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்கப்படாது. அவர்களுடைய நாற்காலி வரிசையிலேயே இருக்கும், அவர்களுக்கும் இசைத்தாள் வழங்கப்படும். வழக்கமாக நிகழ்ச்சி முடிந்ததும் பென்சில் குறிகளை அழித்துவிட்டுத் தாள்களைத் திருப்பித் தருவோம். இம்முறை ஒருவரும் அழிக்க வேண்டாம். நடத்துநர் திரும்பி வந்ததும் அந்தப் புள்ளி வைத்த குறிகளைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தாளில் இல்லாதவை அவை மட்டும்தான்.

அக்கா, உங்கள் குரல் முழுமையாகத் தேறும்வரை அவசரப்படாமல் ஓய்வெடுங்கள். அதுவரை உங்கள் வரிசையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மிகுந்த நன்றியுடன்,
டெனர் (உயர்ந்த ஆண்குரல்) வரிசையிலிருந்து ஒரு பாடகர்