அவள் கணக்கு தனியாக இருக்கட்டும்

கண்ணா,

சின்னவளுக்காக உன் பொறுப்பில் விட்ட பணத்தின் ஸ்டேட்மெண்டைக் கேட்டேன், "அப்புறம் பேசலாம்மா" என்று போனை வைத்தாய். அதோடு சரி. உனக்கு வேலை இருக்கும், தெரியும். நேரில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உயிலை மாற்றி எழுதியாகிவிட்டது. முந்தையதை ரத்து செய்வதாக முதலிலேயே போட்டிருக்கிறார் வக்கீல். சாட்சிக்கு உன் மனைவியைக் கூப்பிடலாம் என்றேன், அவர் கூடாது என்றுவிட்டார். பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், பல நாடுகளில் அந்தப் பங்கே செல்லாமல் போய்விடுமாம். வெளியாட்கள் இரண்டு பேர் போட்டார்கள்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உனக்கு. எனக்குப் பிறகு அசல் உயிலைக் கையில் எடு, புரொபேட் வாங்க வேண்டுமா என்று வக்கீலிடம் கேள். அதாவது, இதுதான் கடைசி உயில், இது உண்மையானது என்று நீதிமன்றம் உறுதி செய்வது. அதன்பின் இருப்பதையெல்லாம் பட்டியல் போடு. கடனும் வரியும் தீர்ந்த பிறகுதான் பங்கு. யார் அவசரப்படுத்தினாலும் முன்னதாகக் கொடுத்துவிடாதே. பிறகு கடன்காரர் வந்து நின்றால் உன் கையிலிருந்து கட்ட வேண்டி வரும்.

இதெல்லாம் பிறகு நடக்கப்போவது. சின்னவளின் டிரஸ்ட், அதாவது அவளுக்காக மட்டும் நீ டிரஸ்டியாக நின்று பார்த்துக்கொள்ளும் பணம், அப்படியில்லை, இப்போதே உன் கையில் இருக்கிறது. பத்திரம் எழுதினால் மட்டும் போதாது, பணமும் டிரஸ்டின் பெயருக்கு மாற வேண்டும் என்றார்கள், மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கணக்கு ஸ்டேட்மெண்டைத்தான் உன்னிடம் கேட்டிருந்தேன்.

வக்கீல் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1726, இங்கிலாந்து. லண்டன் பக்கம் ரம்ஃபோர்டு சந்தையின் குத்தகையை ஒரு சிறு பிள்ளைக்காக டிரஸ்டி ஒருவர் வைத்திருந்தார். குத்தகைக் காலம் முடிந்தது. பிள்ளையின் பெயரில் புதுப்பிக்க மாட்டேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். சரி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று டிரஸ்டி தன் பெயரில் எடுத்தார். அவர் ஏமாற்றவில்லை. பிள்ளைக்கு எப்படியும் கிடைத்திருக்காது. ஆனாலும் நீதிபதி, குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் பிள்ளைக்கே கொடுக்கச் சொன்னார். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், டிரஸ்டி மட்டும் எடுக்கக் கூடாதாம். கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அவள் பணம் உன் பணத்தோடு கலக்கக் கூடாது. ஒரு நாளைக்குக்கூட. திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் எடுப்பதும் எடுப்பதுதான். வரவு செலவு எழுதி வை, ரசீதுகளைப் பத்திரப்படுத்து. உனக்கா சொல்ல வேண்டும்? அப்பா படுத்திருந்தபோது மருந்துச் சீட்டு ஒன்றுவிடாமல் நோட்டில் தேதிவாரியாக ஒட்டி வைத்தவன் நீ. பங்கு பிரிக்கும்போது பெரியப்பாவே அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்படிப்பட்டவன் ஒரு ஸ்டேட்மெண்ட் அனுப்ப இத்தனை நாளா?

அவளால் உன்னிடம் கணக்குக் கேட்க முடியாது, உனக்கே தெரியும். கேட்க முடிந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பிறகும் கேட்க ஓர் ஆள் வேண்டுமே என்று இன்னொரு டிரஸ்டியைச் சேர்க்க யோசிக்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. நாளை யாரும் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது.

தொழில் எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. முடை என்றால் என்னிடம் கேள். என் பெயரில் இருக்கும் வைப்பு நிதியை முடித்துத் தருகிறேன், அது என் பணம், நான் கொடுக்கலாம். கலக்காதே, அவ்வளவுதான்.

ஸ்டேட்மெண்டை அனுப்பு. பணம் அப்படியே இருந்தாலும் அனுப்பு, குறைந்திருந்தாலும் அனுப்பு.

அம்மா