பெல்லினிக்கு வெள்ளைப் பீச்தான் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பெல்லினி என்ற இத்தாலியப் பானத்துக்கு வீட்டுச் செய்முறை போட்டிருந்தீர்கள். டப்பாவில் வரும் மஞ்சள் பீச் பழம், இரண்டு கரண்டி சர்க்கரை, ஐஸ்கட்டி, மாதுளை சிரப், எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து, நுரைக்கும் ஒயினையும் சேர்த்து ஷேக்கரில் குலுக்கச் சொல்லியிருந்தது. படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. 2003-லிருந்து நான் வெனிஸை ஒட்டிய மெஸ்த்ரேயில் குடியிருக்கிறேன். அதில் 11 கோடைகள், வெனிஸில் ஒரு ஹோட்டல் பாரில் இந்தப் பானத்துக்குப் பழம் மசிப்பதுதான் என் வேலை.

முதலில் குலுக்குவதைப் பற்றி. தயவுசெய்து யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். ஒயினில் கரைந்திருக்கும் வாயு மூடிய ஷேக்கருக்குள் ஒரேயடியாகக் கிளம்பி மூடியைத் தூக்கி அடித்துவிடும். அப்படி நடக்காவிட்டாலும் மிஞ்சுவது குமிழ் செத்த ஒயின்தான்.

பெயரிலும் ஒரு பிழை இருக்கிறது. ஓபரா இசையமைப்பாளர் பெல்லினியின் பெயர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வின்சென்சோ பெல்லினி, சிசிலிக்காரர். இந்தப் பானம் வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரைத் தாங்கியது. 1931-இல் வெனிஸில் ஹாரிஸ் பாரைத் திறந்த ஜுசெப்பே சிப்ரியானிதான் இதை உருவாக்கினார். 1948 என்று பொதுவாக ஆண்டு சொல்வார்கள். பீச் கூழும் ஒயினும் சேர்ந்தால் வரும் இளஞ்சிவப்பு, அந்த ஓவியரின் வண்ணங்களை சிப்ரியானிக்கு நினைவூட்டியது. சான் சக்கரியா தேவாலயத்தில் பெல்லினி 1505-இல் வரைந்த பெரிய பீட ஓவியம் இருக்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும். வேலை முடிந்து எத்தனையோ மாலைகள் அங்கே போய் நின்றிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெல்லினியில் இருப்பது இரண்டே பொருள்: வெள்ளைப் பீச், புரொசெக்கோ என்ற நுரைக்கும் இத்தாலிய ஒயின். இங்கே வெள்ளைப் பீச்சை 'பெஸ்கா பியான்கா' என்பார்கள். சதை வெண்மையாக, கொட்டையை ஒட்டிய இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடியிருக்கும். மணம் ரோஜாவைப் போல இருக்கும், புளிப்பு குறைவு. பானத்தின் நிறம் அந்தச் சிவப்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. மஞ்சள் பீச்சில் செய்தால் ஆரஞ்சு நிறத்தில், புளிப்பு தூக்கலாக, வேறு ஒரு பானம் கிடைக்கும். டப்பா பீச்சில் சர்க்கரைப் பாகின் ருசிதான் முன்னால் நிற்கும். அதன் மேல் மாதுளை சிரப்பும் ஊற்றினால் பழத்துக்கு அங்கே என்ன வேலை?

என் முதல் கோடை 2003, ஐரோப்பா முழுக்க வெயில் கொளுத்திய வருடம். வெரோனா பக்கத்திலிருந்து பீச் பெட்டிகள் வரும். காலை ஏழு மணிக்கே ஒவ்வொரு பழமாக எடுத்து, காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் இன்றைக்கு, அமுங்காவிட்டால் நாளைக்கு. அப்புறம் கொட்டையை நீக்கி, தோலோடு சல்லடையில் வைத்து மரக்கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் வாரமே கை வலி தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் மிக்ஸியில் அடித்துவிட்டேன். பார்க்க அழகாக, பொங்கிய மாவு மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் பழுப்பாகிவிட்டது. பாரைப் பார்த்துக்கொண்ட பெரியவர் அதில் ஒரு கிளாஸ் கலந்து என்னையே குடிக்கச் சொன்னார். பழத்தின் மணமே இல்லை. பிளேடு சுற்றும்போது கூழுக்குள் காற்று ஏறுகிறது. வெட்டிய ஆப்பிள் கறுப்பது போலப் பீச்சும் காற்றுப் பட்டால் கறுக்கும். அவர் திட்டவில்லை. மீதியைக் கொட்டிவிட்டு என் பக்கத்தில் நின்று தானும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு இந்த வேலைக்கு நான் மிக்ஸியைத் தொட்டதில்லை.

வீட்டில் செய்கிறவர்களுக்கு அளவு சொல்கிறேன். ஒரு கிளாஸுக்கு 50 மில்லி கூழ், 100 மில்லி புரொசெக்கோ. ஒன்றுக்கு மூன்று என்று கலப்பவர்களும் உண்டு. பழம் நன்றாக இருந்தால் எனக்கு ஒன்றுக்கு இரண்டுதான் பிடிக்கும். நடுத்தரப் பழம் நான்கு மசித்தால் ஒரு பாட்டிலுக்குப் போதும், ஏழு கிளாஸ் வரும். கூழில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பாட்டிலும் கிளாஸும் சில்லென்று இருக்க வேண்டும். அப்போதுதான் ஐஸ் தேவைப்படாது. ஐஸ் போட்டால் தண்ணீர்தான் கூடும்.

ஊற்றும் விதம் முக்கியம். முதலில் கூழ். அதன் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஒயினைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிறுத்த வேண்டும். பழத்தின் நார்த்துகள் ஒவ்வொன்றிலும் குமிழ் பிறப்பதால் நுரை மளமளவென்று மேலே ஏறும். அது அடங்கட்டும். அப்புறம் மீதியை ஊற்றி, நீண்ட கரண்டியை அடிவரை விட்டு, கூழை மேலே தூக்கிவிடுவது போல இரண்டே தடவை கிளறினால் போதும்.

'ஷாம்பெயின் இருந்தால் இன்னும் சிறப்பு' என்று எழுதியிருந்ததும் எனக்குச் சம்மதமில்லை. ஷாம்பெயினில் இரண்டாவது நொதிப்பு பாட்டிலுக்குள் நடக்கும். ஈஸ்டோடு நீண்ட நாள் கிடப்பதால் அதில் ரொட்டி வாசம் ஏறும். புரொசெக்கோவுக்கு அது பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடப்பதால் கிளேரா திராட்சையின் பழவாசம் அப்படியே நிற்கும். பீச்சோடு ஒத்துப்போவது அதுதான். லேபிளில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று இருந்தால் சர்க்கரையே இல்லை என்று நினைக்காதீர்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை இருக்கும். லேபிளில் 'புரூட்' என்று இருக்கும் வகை அதைவிட இனிப்பு குறைந்தது. கனிந்த பழத்துக்கு புரூட் வாங்குங்கள்.

வெள்ளைப் பீச் கிடைக்கவில்லையா? அன்றைக்கு பெல்லினி வேண்டாம். நல்ல ஸ்ட்ராபெர்ரி இருந்தால் அதே முறையில் மசித்துச் செய்யுங்கள், அதற்கு ரொஸ்ஸினி என்று பெயர். இசையமைப்பாளர் பெயர் வைத்த பானம் இதுதான். ஆரம்பத்தில் ஹாரிஸ் பாரிலேயே பீச் பருவத்தில் மட்டும்தான் பெல்லினி கொடுத்தார்கள்.

மது தொடாதவர்களுக்கும் இந்தக் கூழ் உதவும். என் மாமியார் இங்கே வந்திருந்தபோது குளிர்ந்த சோடாவில் கலந்து கொடுத்தேன். ஊருக்குப் போகும்வரை தினமும் மாலை நாலு மணிக்குச் சரியாகக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஐரோப்பாவிலும் உங்களுக்கு நிறைய வாசகர்கள் இருக்கிறோம். இங்கே சந்தையில் வெள்ளைப் பீச் செப்டம்பர் தொடக்கம் வரைதான் நன்றாக இருக்கும். வரும் ஞாயிறே திருத்தம் போட்டால் இந்தப் பருவத்திலேயே செய்து பார்ப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மெஸ்த்ரே, இத்தாலி