காமா கதிர் வெடிப்பு: பிரகாசம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு, வணக்கம். தொலைதூர விண்வெளியில் திடீரென நிகழ்ந்து காமா கதிர்களைப் பாய்ச்சும் காமா கதிர் வெடிப்புகள் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். தூரமும் பிரகாசமும் இருந்தன, சரி. ஆனால் அந்த ஒளி எப்படிப் பிறக்கிறது என்பதற்குத் துப்புத் தரும் தளவிளைவு, அதாவது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிர்வது பற்றி ஒரு வரிகூட இல்லை. வெடிப்பிலிருந்து பாயும் தாரைக்குள் காந்தப்புலம் ஒழுங்காக இருந்து, எலெக்ட்ரான்கள் அதில் சுழன்று ஒளி உமிழ்ந்தால் தளவிளைவு வலுவாக இருக்கும். புலம் தாறுமாறாகக் கலைந்திருந்தால் குறைந்துவிடும். சீன விண்வெளி ஆய்வகமான தியாங்கோங்-2இல் இருந்த போலார் கருவி 5 வெடிப்புகளை ஆராய்ந்ததில் சராசரித் தளவிளைவு குறைவாகவே வந்தது. ஆனால் 2015இல் நாம் ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், 2016 ஆகஸ்ட் 21 அன்று நிகழ்ந்த வெடிப்பில், அது நடக்கும்போதே அதிர்வின் கோணம் மாறியதைப் பதிவுசெய்தது. கோணம் இப்படி மாறினால், மொத்தமாகச் சராசரி எடுக்கும்போது வலுவான தளவிளைவும் மறைந்துபோகும். எவ்வளவு அருமையான துப்பு இது!

இதெல்லாம் வாசகருக்குக் கடினம் என்று ஒதுக்க வேண்டாம். நான் இயற்பியல் ஆசிரியர். பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு படலங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மெல்லத் திருப்புவேன். வெளிச்சம் மங்கி இருண்டுவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரிகிறது. அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, தளவிளைவு அளவையும் ஓர் எளிய படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.